காக்கிச் சட்டையும் பழுப்புச் சட்டையும்

சீருடை அணிந்து அணிவகுப்பில் நிற்கும் தம் பிள்ளையைக் கண்டு பூரியாத பெற்றோர் அரியர். அப்பூரிப்பு தக்கதுதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஜெர்மனியில் 1926இல் தோன்றிய ஹிட்லர் இளைஞர் இயக்கத்தார்க்குப் பழுப்புச் சட்டை, கறுப்புக் கழுத்துத்துணி, அதைப் பிணிக்கத் தோல் முடிச்சு. செல்வன் மகனும் ஏழை மகனும் ஒரே உடையில் நிற்கக் கண்டு, இதுவன்றோ சமத்துவம் என மயங்கினோர் பலர். யூதச் சிறுவனுக்கு அவ்வணியில் இடமில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். 1939இல் சேர்வது கட்டாயமாயிற்று. 1945இல் பெர்லினைக் காக்க நிறுத்தப்பட்டோருள் மீசை அரும்பாத பாலகரும் இருந்தனர்.

அயலாரைப் பழித்தல் எளிது. நம் கிள்ளானுக்கு வருவோம். 1941இல் அங்குத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது விடுத்த கோரிக்கைகளுள் ஒன்று, வெள்ளைத் துரைமார்க்கும் ஆசியச் சிப்பந்திகளுக்கும் எதிரில் மிதிவண்டியினின்று இறங்காமலே செல்லும் உரிமை. ஆசியச் சிப்பந்தி என்பார் யாவர்? கிராணிமாரும் அவருள் அடக்கம். நாமும் தோட்டமொன்றில் கிராணியாதலின் இவ்வரியை விரைந்து கடக்க இயலவில்லை. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிக்குத் தொழிலாளர் சிலர் இரையாயினர்.

ஈராண்டு கழிந்து, 1943இல், சுபாஸ் சந்திர போஸ் அழைக்க, வண்டியை விட்டு இறங்கிப் பழகிய மக்கள் காக்கி உடுத்தி நிமிர்ந்து நின்றனர். அந்நிமிர்வை எள்ளுவார் அடிமைத்தனம் இன்னதென்று அறியாதவரே. ஆயினும் ஐயம் எழாமலில்லை. ஜெர்மனியில் போஸ் திரட்டிய இந்தியப் படையினர் அணிந்தது ஜெர்மானியர் உடையே. பாயும் புலிச் சின்னம் மட்டும் நம்முடையது. மலாயாவிலோ, சயாம் மரண இரயில் பாதைக்குத் தமிழரை ஓட்டிச் சென்ற ஜப்பானியரே நட்பினர். அப்பாதைக்கு அஞ்சிப் படையில் சேர்ந்தாரும் உளர். அச்சத்தால் உடுத்த உடையை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாமா?

கோலாலம்பூர் ஜானகியின் செய்தி வேறு. போஸின் வேண்டுகோளைக் கேட்டுக் காதணியைக் கழற்றி ஈந்தவர். தந்தையார் தடுத்தும் பதினெட்டாம் வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். மறுக்கவும் இசையவும் வல்ல உள்ளம் அது. காக்கியைக் களைந்த பின்னும் அவர் குனிந்திலர். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசை நிறுவியோருள் ஒருவரானார். அதே படையிலிருந்த ராசம்மா பூபாலன் 1960இல் ஆசிரியைகளுக்குச் சங்கம் கண்டு, ஆடவரோடு சம ஊதியத்திற்குப் போராடினார்.

பாலர் சேனைப் பிள்ளைகளை எங்கே வைப்பது? அவர்களும் அணிவகுத்தனர், முழக்கமிட்டனர். போஸின் நோக்கம் ஹிட்லரின் நோக்கம் அன்று. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை நோக்கத்தையா கண்டது? கொடியையும் உடையையும் கண்டது. ‘வரமாட்டேன்’ என்று சொல்லப் பழகாத வயதில் அதனைச் சேனையில் நிறுத்துதல், நல்லார் நிறுத்தினும், நமக்கு உடன்பாடன்று.