மேற்கா, கிழக்கா?

படவேட்டில் ரேணுகாம்பாளைத் தரிசித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "மேக்கால மலையைப் பாருங்க சாமி, மழை கட்டுது" என்று ஜவ்வாது மலையைக் காட்டினார் ஒரு பெரியவர். ஆலங்காயத்திலிருந்து வந்திருந்த இளைஞன் சிரித்தான். "எங்களுக்கு அது கெழக்கால மலை, தாத்தா!"

இரண்டும் மெய்தான். மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின வாரம் என் தங்கை அழுதுகொண்டு வந்திருந்தாள். அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அவளுக்குப் பங்கில்லை என்று அண்ணா சொல்லிவிட்டாராம். "அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான், அம்மா. எல்லாம் சார்பு என்று ஐன்ஸ்டீனே சொல்லியிருக்கிறாரே!" என்று நழுவிவிட்டேன்.

பாவம், ஐன்ஸ்டீன்! 1915இல் அவர் முடித்த பொதுச் சார்பியல் சொல்வது வேறு. இடத்துக்கும் காலத்துக்கும் அடையாள எண்களை நம் சௌகரியப்படி வைத்துக்கொள்ளலாம். அவற்றின் வளைவு மட்டும் நம் சௌகரியத்தைக் கேட்டு மாறாது.

பூகோளப் படத்தைப் பாருங்கள். தீர்க்க ரேகைகள் எல்லாம் வட துருவத்தில் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்கின்றன. அதனால் பூமியில் ஓட்டை விழுந்துவிட்டதா? கோளாறு நாம் போட்ட கோட்டில். ஆனால் எந்தக் கோட்டைப் போட்டாலும் பூமியின் உருண்டையைத் தட்டையாக்க முடியாது.

இதே குழப்பம் விண்வெளிக் கணக்கிலும் வந்தது. 1916இல் ஷ்வார்ஸ்சைல்டு தந்த விடை, மையத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் முடிவிலிக்கு ஓடியது. சூரியனளவு நிறை ஒடுங்கிக் கிடந்தால் அந்தத் தூரம் சுமார் 3 கிலோமீட்டர். அங்கே ஏதோ சுவர் இருப்பதாகப் பலர் எண்ணினார்கள். 1933இல் லெமைத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியார் வேறு அடையாள எண்களில் எழுதிக் காட்டினார். சுவர் மறைந்தது. உள்ளே போனது திரும்பாது என்பது மறையவில்லை. மையத்து முடிவிலியும் மறையவில்லை.

பாஷையை மாற்றினால் மறைவது நம்முடையது, மறையாதது வஸ்துவினுடையது.

"சீர் செய்தாயிற்று" என்றார் அண்ணா. "ஊர் வழக்கம்" என்றாள் அண்ணி. "பார்வை" என்றேன் நான். உயில் எழுதாமல் போன தகப்பனின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் வருஷத்து வாரிசுச் சட்டமே சொல்கிறது. எந்தப் பெயரிட்டு எழுதினாலும் அவள் பங்கு போனது போனதுதான்.

மலை மேற்கா கிழக்கா என்பதில் விட்டுக்கொடுக்கலாம். மலையே இல்லை என்பவரிடம்?

அன்றிரவே அண்ணாவுக்குக் கடிதம் எழுதினேன். பத்து வரிதான். அதில் ஐன்ஸ்டீன் பெயர் வரவில்லை.