எத்தனை வகை உண்ணலாம்? சமண அறத்தின் கணக்கு

தட்டில் எத்தனை வகை இருக்கலாம் என்பதைச் சமணம் சமைப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. அதற்கென்றே இல்லறத்தாருக்கு ஒரு விரதம் வகுத்திருக்கிறது. போகோபபோக பரிமாணம் என்பது அதன் பெயர். நுகர்பொருளுக்கு அளவு வைத்துக்கொள்வது அதன் பொருள். காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமண ஆசிரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதை விரிவாகப் பேசுகிறார். அந்நூலைத் தழுவி எழுந்த அருங்கலச்செப்பு வழியாகத் தமிழ்ச் சமணரும் இதை அறிவர்.

சமண உணவு நெறி என்றதும் வெளியார் நினைவுக்கு வருவது கிழங்கு விலக்கு. அது கொல்லாமையைச் சேர்ந்தது. ஒரு கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலில் வாழ்கின்றன என்பது சமணக் கொள்கை. எனவே உருளை, வெங்காயம், பூண்டு, காரட், பீட்ரூட் எல்லாம் விலக்கப்படுகின்றன. சமந்தபத்திரர் தரும் விலக்குப் பட்டியலில் முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், தாழம்பூ ஆகியவற்றோடு வேப்பம்பூவும் இருக்கிறது. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூ சேர்க்கும் வீடுகளுக்கு இது வியப்பாக இருக்கலாம். அவர் சொல்லும் காரணம் எளியது: கிடைக்கும் பயன் சிறிது, அழியும் உயிர் மிகுதி. பச்சை இஞ்சியை விலக்குவோர் பலர் சுக்கைச் சேர்த்துக்கொள்வதும் இதனால்தான். உலர்ந்ததில் உயிர் நீங்கிவிட்டது.

இத்தனை விலக்குக்குப் பிறகும் குஜராத், ராஜஸ்தான் சமணச் சமையல் வறண்டு போகவில்லை, பெருகியது. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பச்சைக் காய்கறியைப் பலர் தொடுவதில்லை. மழைக்கால நான்கு மாதங்களில் கீரை கிடையாது. அந்த இடத்தைப் பருப்பும் கடலை மாவும் உலர்பொருளும் நிரப்பின. கடலை மாவை உருட்டி வேகவைத்துச் செய்யும் கட்டா, அப்பளக் குழம்பு, பாசிப்பருப்பு வடகம் எல்லாம் அன்றாட உணவாயின. வெங்காயம், பூண்டு இல்லாத குறையைப் பெருங்காயம் தீர்த்தது. இன்றைய சமணப் பாவ் பாஜியில் உருளைக்குப் பதில் வாழைக்காய் மசிக்கப்படுகிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. உருளையை விட்டவர் அதன் சுவையை வாழைக்காயில் தேடினால் விரதம் நின்றதா, ஏமாற்றப்பட்டதா? கொல்லாமையின் அளவில் குறை சொல்ல இடமில்லை. கிழங்கு வெட்டப்படவில்லை, அது போதும். ஆனால் போகோபபோக பரிமாணம் உயிர்க்கேட்டோடு நில்லாமல் ஆசையையும் கணக்கில் எடுக்கிறது. தீங்கற்ற பொருளுக்கும் அங்கே வரம்பு உண்டு. ஒன்றுக்கு விடை சொல்லிவிட்டு மற்றதற்கும் சொல்லிவிட்டதாக எண்ணுவதுதான் தவறு.

அந்த வரம்பு இருவகை. ஆயுள் முழுவதும் காப்பது யமம், காலம் குறித்துக் காப்பது நியமம். இன்று ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரண்டு மாதப் பருவம், ஆறு மாத அயனம் என்று காலத்தை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். சமணத்தின் சுவேதாம்பரப் பிரிவினர் வழக்கிலுள்ள பதினான்கு நியமங்கள் இதையே அன்றாடப் பயிற்சியாக்குகின்றன. அவற்றில் ஒன்று, இன்று இத்தனை பொருள் மட்டுமே உண்பேன் என்று காலையில் எண் குறிப்பது. மற்றொன்று பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, பொரித்தது ஆகிய ஆறில் சிலவற்றை அன்றைக்கு விடுவது.

எண்ணிக்கை காத்தால் மட்டும் போதாது. நுகர்ச்சியின் மேல் ஓயாத நாட்டம், முன்பு நுகர்ந்ததை நினைத்து மகிழ்தல், மிகையான பேராசை, வரப்போவதன்மேல் தாகம், மிகையாக ஆழ்ந்து துய்த்தல் ஆகிய ஐந்தும் இந்த விரதத்துக்குக் குற்றம் என்கிறார் சமந்தபத்திரர். இரண்டாவது குற்றம் மிகக் கடுமையானது. விட்டுவிட்ட பண்டத்தை நினைவில்கூடச் சுவைக்கக் கூடாது. அந்த அளவுகோலில் வாழைக்காய் பாவ் பாஜி தேறுவது அரிது.

துறவிக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஆறு புறத்தவங்களில் சுவை துறத்தலும் ஒன்று. மற்றொரு பிரிவான திகம்பரரின் துறவி நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையில் வாங்கி உண்கிறார். இல்லறத்தார் அந்நிலையை எட்டிப் பார்க்கும் நோன்பு ஆயம்பில்: பால், நெய், எண்ணெய், சர்க்கரை இல்லாத ஒருவேளை உணவு. இன்று ஆயம்பில் கூடங்களில் எண்ணெயில்லா இட்லி, டோக்ளா என்று வகைகள் பெருகிவிட்டன. நோன்பிருப்போர் கூடியது நன்மைதான். சுவை துறப்பு மெலிந்ததும் உண்மை.

வகை பெருகுவதன் இன்னொரு விலையைக் காந்தி கண்டார். பழமும் கொட்டையும் மட்டுமே உண்டுவந்த காலத்தில், கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசுவின் வீட்டில் தங்கினார். கிடைத்த கொட்டை, பழ வகை அனைத்தும் அவருக்காகத் தேடி வரவழைக்கப்பட்டன. பெண்கள் இரவெல்லாம் விழித்துக் கொட்டைகளைத் தோலுரித்தார்கள். அந்த உணவில் உயிர்க்கொலை இல்லை, ஆனால் பிறர் உறக்கம் போயிற்று. 1915ஆம் ஆண்டு ஹரித்வார் கும்பமேளாவின்போது, இந்தியாவில் இருக்கையில் ஒரு நாளில் ஐந்து பொருளுக்குமேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று அவர் விரதம் பூண்டார். நோய் வந்தாலும் விலக்கில்லை என்றும் முடிவு செய்தார். பதின்மூன்று ஆண்டுகளாக அதைக் காத்துவருவதாகவும், அது தன்னைப் பல நோய்களிலிருந்து காத்ததாகவும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.