கையளவு ஸ்பிட்ஃபயர்

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். 72-இல் ஒரு பங்கு அளவு மாதிரியில் அது 15.6 சென்டிமீட்டர்தான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இந்தப் பிளாஸ்டிக் மாதிரியை 1950-களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வேலை விமானி அறையில் தொடங்குகிறது. உடற்பகுதியின் இரு பாதிகளும் ஒட்டிக்கொண்டால் உள்ளே தூரிகை நுழையாது. உட்சுவருக்கு முன்பே சாம்பல்பச்சை பூசிவிட வேண்டும். வெளியே வெளிர் நிறம்தான் முதலில்: அடிப்பகுதிக்கு 1940 கோடையில் வந்த ‘ஸ்கை’ எனும் வெளிர்பச்சை, மேலே மண்பழுப்பு, அது காய்ந்தபின் கரும்பச்சைத் திட்டுகள். வட்டச் சின்னங்களை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பென்றால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தாற்போல் தெரியும். அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

இறக்கையின் முன்விளிம்பில் துப்பாக்கித் துளைகளை மூடும் சிவப்புத் துணி ஒட்டுகள் உண்டு. ஈரமும் குளிரும் புகாதிருக்க உண்மை விமானத்தில் ஒட்டப்பட்டவை. முதல் குண்டே அவற்றைக் கிழித்துவிடும். சண்டையிட்டுத் திரும்பிய விமானமாகக் காட்ட விரும்புவோர் அந்தச் சிவப்பை விட்டுவிட்டு, துளைகளைச் சுற்றிக் கரிப்புகை தீட்ட வேண்டும்.