தலையெழுத்தும் தாழ்ப்பாளும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுக்கும் சுக்குக்கும் கணக்கெழுதியே எனக்குத் தலை நரைத்தது. நான் வேலை பார்த்த கோடவுன் ஒன்றில் காயல் பக்கமாக ஒரு கதவு. எப்போதும் வெளிப்பூட்டு, சாவி முதலாளி வீட்டில். உள்ளே உத்தரம் தொட அடுக்கிய சாக்கு மூட்டைகள், நடுவே உட்கார்ந்து சுக்கு பொறுக்கும் பெண்கள். மூட்டை படகேறிப் போய்விடுமோ என்ற பயம் முதலாளிக்கு. தீ பிடித்தால் இவர்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று ஒருநாள் கேட்டேன். விதி முடிந்தவனுக்குத் திறந்த கதவும் உதவாது என்றார். ஆள் கெட்டவர் இல்லை, ஓணம் போனஸில் கைவைத்ததே கிடையாது. நல்ல மனுஷன் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பதில் என்னை உறுத்தியது.

அதற்கு மறுப்பு கிடைத்தது ஜூ டவுனில். 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. அதில் வைத்துக் காக்கும் தோரா என்ற வேதச் சுருளில், உபாகமத்தில், ஒரு சட்டம் வருகிறது: புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், யாராவது விழுந்தால் ரத்தப்பழி அந்த வீட்டின் மேல். விழுந்தவன் விதிப்படிதானே விழுந்தான், வீட்டுக்காரன் மேல் ஏன் பழி என்று தல்மூத் என்ற யூத மரபு நூலின் ரபிகளும் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு விழும் விதி இருந்தே இருக்கட்டும். அது நிறைவேற உன் மாடி ஏன் வழியானது என்பதுதான் அவர்கள் பதிலின் சாரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் இதைக் கிணறு முதலான எல்லா ஆபத்துக்கும் விரித்தார். பூட்டிய கதவையும் அந்தக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குடியேறி வந்த யூத, இத்தாலியப் பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. திருட்டுக்குப் பயந்து, வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க ஒரே வழியை விட்டிருந்தார்கள். முதலாளிகள் இருவரும் யூதர்கள், கைப்பிடிச்சுவர்ச் சட்டம் அவர்கள் வேதத்திலேயே இருந்தது. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்பது நிரூபணமாகவில்லை என்று விடுதலையானார்கள். சுவர்ச் சட்டமோ தெரியுமா என்று கேட்பதில்லை, கட்டினாயா என்றே கேட்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6. தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள், தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியோடு எரிந்தார்கள், 28 பேர். நம்பிக்கை அவர்களை அங்கே கொண்டுவந்தது, சங்கிலி மாட்டியது மனிதக் கை. இதைத் தலையெழுத்து என்பவன், எழுதியவன் கையிலேயே சாவியையும் திணிக்கிறான்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 38-வது பிரிவு, தப்பும் வழிக்கான பொறுப்பைத் தொழிற்சாலை நடத்துபவர் தலையில் வைத்தது. அந்த வழியில் வைக்கும் ஃபயர் டோரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானே சாத்திக்கொள்ள வேண்டும். புகையையும் அனலையும் அரைமணியோ இரண்டு மணியோ, அதன் தரத்துக்கேற்பத் தாங்க வேண்டும். உள்ளிருப்பவர் தள்ளினால் திறக்க வேண்டும். காற்றுக்காகச் சாக்கை முட்டுக்கொடுத்தாலும் வீண், பூட்டினாலும் வீண். அந்தக் கதவுக்குச் செலவு செய்ய வசதியில்லாத சின்னக் கோடவுன்காரரும் பின்கதவைப் பூட்டாமல் வைக்கலாம், அதற்குக் காசு வேண்டாம்.

முதலாளிமாரே, சாமி படத்தை மாட்டுங்கள், விளக்கேற்றுங்கள், நானும் கும்பிடுகிறவன்தான். ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் மட்டும் எந்த வாசலிலும் பூட்டு வேண்டாம். மிளகு திருட்டுப் போகாமலிருக்கக் காவலுக்கு ஆள் போடுங்கள்.