மலைக்கு எதைச் சுமப்பது?

ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "அண்ணே, சதுரகிரி போறோம். வீடியோ எடுக்கணும். எந்தக் கேமரா வாங்கலாம்?" கேட்பவனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சிவகாசியில் ஏதோ ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை, அல்லது பட்டாசுக் கடையில் கணக்கு. சேர்த்துவைத்த பணம் கொஞ்சம் கையில் இருக்கும். கேமரா வருவதற்கு முன்பே சேனலுக்குப் பெயர் வைத்தாயிற்று. லோகோவும் தயார். அச்சக ஊர்க்காரனுக்கு லோகோ ஒரு பெரிய விஷயமா?

இதற்குப் பதில் சொல்ல ஆள் பஞ்சமில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார், மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கும் மச்சான் வேறொன்று சொல்வார், யூடியூபில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். எல்லாப் பதிலும் கருவியில் தொடங்கிக் கருவியிலேயே முடியும். மலை எப்படிப்பட்டது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அங்கிருந்து தொடங்கினால்தான் நியாயம்.

வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறையில் சதுரகிரி ஏறத் தொடங்குகிறோம். பாறை வெட்டவெளியில் கண் கூசும் வெயில். கொஞ்சம் நடந்து ஓடைக்கரை மரங்களுக்குள் நுழைந்தால் பகலிலேயே அந்தி. இந்த இரண்டையும் ஒரே கேமரா சமாளிக்க வேண்டும். எல்லோரும் முதலில் ஆசைப்படும் ஆக்‌ஷன் கேமராவுக்கு வெயில் பிரச்சினை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும், நெஞ்சில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் பாறையைப் பிடிக்கக் கிடைக்கும். ஆனால் அதன் சென்சார் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. பெரிய கேமராவின் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மில்லிமீட்டர். மர நிழலுக்குள் போனதும் சின்ன சென்சார் திணறும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அகலமான லென்ஸ் என்பதால் எதிரே நிற்கும் மலையும் தூரத்துக் குன்றாகச் சுருங்கிப்போகும்.

அப்படியானால் பெரிய கேமராவா? அதற்கு லென்ஸ் இரண்டு, முக்காலி, வெயிலைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், காற்றுச் சத்தம் ஏறாமலிருக்க மைக்குக்கு ரோம உறை, நாலு பேட்டரி, பவர் பேங்க். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதித்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஓடிவிடும், ஆகவே மெமரி கார்டும் கூட. பல கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்று போட்டிருக்கும். ஜப்பானில் எழுதிய கையேட்டுக்கு 40 ஓர் எல்லை. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகப் பெருமை பேசும் எங்கள் ஊர்ப் பக்கம் அது சித்திரை மாதத்து மதியம், அவ்வளவுதான்.

எதை எடுத்தாலும் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையை நிரப்ப இன்னொன்று வாங்குகிறோம், அதற்கும் ஒரு குறை. பை இப்படித்தான் நிறைகிறது. பேட்டரி தீர்ந்துவிடுமோ, மழை வந்துவிடுமோ, இருட்டிவிடுமோ, மற்றவன் படம் நன்றாக வந்துவிடுமோ என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு கருவி. பையைத் திறந்து காட்டினால் ஆள் எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்று சொல்லிவிடலாம். எதைப் பார்க்கப் போகிறான் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புக்கு ஒரு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயம் ஆன காடு. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. தமிழ்நாட்டின் ஐந்தாவது. அந்த அணில் தரையில் அதிகம் இறங்காது. கிளையோடு கிளை கோத்து நிற்கும் உச்சியிலேயே அதன் போக்குவரத்து. நம் காலடி கேட்டால் ஓடாது. கிளையோடு கிளையாக அப்படியே படுத்துவிடும். நரைத்த வால் மட்டும் ஒரு பக்கம் தொங்கும். நெஞ்சில் கட்டிய கேமராவில் அது ஒரு தூசிகூட இல்லை. 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் முகம் தெரியும். ஆனால் லென்ஸ் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது மறுபடி அசையும்வரை கீழே நிற்க வேண்டும். அரை மணி ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த நிற்றலை எந்தக் கடையிலும் விற்பதில்லை. காத்து நிற்கத் தெரிந்தவனுக்கு லென்ஸ் உதவும். தெரியாதவனுக்கு அது தோள்வலி.

இதைச் சொல்லும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். இந்தியக் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர்களில் முன்னோடி. 1950இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996இல் சாகும்வரை எழுதினார். அவர் காட்டுக்குள் கொண்டுபோன கேமரா எந்தக் கம்பெனியும் விற்றதல்ல. ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், இன்னும் எங்கெங்கோ கிடைத்த உதிரிகள் எல்லாவற்றையும் தானே பொருத்தியிருந்தார். சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாக ஒரு பெயரும் உண்டு. அதைப் பார்த்த இயற்கையியலாளர் இ. பி. ஜீ, உள்ளே எங்காவது கம்பியும் வளையமும் இருந்தே தீரும் என்று கேலியாக எழுதியிருக்கிறார். அந்த ஒட்டுப்போட்ட பெட்டியில் பதிந்த யானைகளை இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவரால்தான் கேமராவைப் பிரித்துப்போட்டு, வேண்டியதை மட்டும் கோக்க முடியும். ஏழ்மையை ஏற்றிச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்ததும் தேர்வுதான், அதுவும் நம்முடையதைவிடக் கறாரான தேர்வு. நாம் கடையிலிருந்து மலைக்குப் போகிறோம். அவர் மலையிலிருந்து கடைக்கு வந்தார்.

காட்டைப் படம் பிடித்தவர்களுக்கும் எங்கள் ஊர்த் தொழிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹானஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் கலந்து ஃப்ளாஷ் பவுடர் செய்தார்கள். மூன்றில் இரண்டு தீப்பெட்டிக்கும் போன சரக்குதான். அந்த வெளிச்சத்தோடு கேமரா இரவுக்குள் எளிதாக நுழைந்தது. 1920களில் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டினார். கம்பி காலில் பட்டதும் வெளிச்சம் வெடிக்கும், படம் பதியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காட்டில் மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருக்கும் தானியங்கிக் கேமராக்கள் அந்தக் கம்பியின் வாரிசுகள். தடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒன்றாக இருக்காது என்பதால் இந்த ஏற்பாடு. பின்னால் ஆள் கிடையாது, பின்னணி இசை கிடையாது. புலி இருக்கிறதா, எத்தனை என்ற ஒரே கேள்விக்காக வைத்தது, அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது.

வெளிச்சத்தைப் பொடியாக்கி விற்கும் ஊரில் இருந்துகொண்டு, அந்தப் பொடியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்காமல் விடலாமா? பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளித் தனியாக இருக்கும். செல்போனுக்கு வாசலோடு சரி. நைலான் துணி ஆகாது, பருத்திதான். இரும்புச் சாமான் ஆகாது, உரசினால் பொறி வரும். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மீதி கிடங்கில் இருக்க வேண்டும். நாளைக்கு ஆகுமே என்று ஒரு சட்டி கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தால் அது சேமிப்பு ஆகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு நடக்கும் விசாரணைகளில், அனுமதித்ததைவிடக் கூடுதல் மருந்து, கூடுதல் ஆட்கள் என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த உயிர்களையும் ஒரு கேமராப் பையையும் ஒரே தராசில் வைக்கத் துணியமாட்டேன். ஆனால் அறையின் அந்த ஒழுங்கு எங்கள் ஊர் மக்கள் விலை கொடுத்துக் கற்றது. வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் உள்ளே வரலாம். கூடுதலாக உள்ளே வந்தது எதுவும் சும்மா இருக்காது.

பையில் கூடுதலாக வந்ததும் சும்மா இருப்பதில்லை. ட்ரோன் கொண்டுவந்தவன் அதைப் பறக்கவிடும் இடத்தைத் தேடிக்கொண்டே நடக்கிறான். காப்பகத்தின் மேல் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது என்பதை மறந்துபோகிறான். குலுக்கத்தைத் தடுக்கும் கிம்பல் கொண்டுவந்தவன் பாறையைப் பார்க்கவில்லை, திரையில் பாறையைப் பார்க்கிறான். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று காட்டாறு பெருகி, சாமி கும்பிடப் போனவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஓடையைக் கடக்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கண் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும், காது மேலே இருந்து வரும் இரைச்சலைக் கேட்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடியோ அளவு பார்ப்பவனுக்கு அந்த இரைச்சல் ஒரு தொந்தரவாகத்தான் தெரியும்.

சாகசப் படத்தின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. நம் கைக்கு மீறியது ஒன்று நடப்பதால்தான் அது சாகசம். குலுங்கக் கூடாது, இருட்டக் கூடாது, நனையக் கூடாது, தவறக் கூடாது என்று நாம் சேர்க்கும் கருவிகள் எல்லாமே எதுவும் கைமீறாமல் பார்த்துக்கொள்வதற்கானவை. அந்த வேலையை அவை முழுதாகச் செய்துமுடித்தால் படம் எடுக்க என்ன மிஞ்சும்? பளபளப்பான ஒரு மலை, நடுவில் நாம்.

நடுவில் நாம் என்பதுதான் மெய்யான கேள்வி. 1953 மே 29 அன்று எவரெஸ்டின் உச்சியில் எட்மண்ட் ஹிலாரி கையில் இருந்தது, பழையதாக வாங்கிய ஒரு கோடக் ரெட்டினா. பனிக்கோடாலியை உயர்த்திப் பிடித்து நின்ற டென்சிங்கை எடுத்தார். ஏறி வந்ததற்குச் சாட்சியாகச் சுற்றியுள்ள முகடுகளை எடுத்தார். உச்சியில் ஹிலாரி நிற்கும் படம் கிடையாது. இன்றைக்கு ஒருவன் முதுகில் மூன்று கேமராவோடு ஏறுகிறான், மூன்றும் அவனையே பார்க்கின்றன. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஒருவன் வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறான். சென்சார், லென்ஸ், ரெசல்யூஷன் எல்லாம் அந்த முடிவுக்குப் பிறகு வரும் கணக்கு. மலையைப் பார்க்கப் போகிறவனுக்குக் கொஞ்சம் போதும். மலையில் தன்னைப் பார்க்கப் போகிறவனுக்கு எதுவும் போதாது. கேள்விக்கு இதற்கு மேல் ஆழமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனாலும் தம்பி கேட்டது கேமரா. சும்மா அனுப்பக் கூடாது.

முதல் தடவை புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிற செல்போனோடு செண்பகத்தோப்புக்குப் போ. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் அங்கே முறையான நடைபாதை உண்டு, கூட வழிகாட்டியும் வருவார். எடுக்க ஆசைப்பட்டு முடியாமல் போனதைத் திரும்பி வந்ததும் எழுதி வை. அணில் எட்டவில்லை என்றால் உனக்கு வேண்டியது நீளமான லென்ஸ். நிழலில் படம் கெட்டது என்றால் பெரிய சென்சார். இரண்டு கையும் வேண்டியிருந்தது என்றால் நெஞ்சுக் கேமரா. ஓடைச் சத்தம் சரியாக வரவில்லை என்றால் மைக் மட்டும். ஒன்றைத்தான் வாங்க வேண்டும், அதையும் பழையதாகக் கிடைத்தால் வாங்கு. அதன் எல்லாப் பொத்தானும் இருட்டில் விரலுக்குத் தெரியும்வரை அடுத்ததைப் பற்றிப் பேசாதே. கரிசல் புழுதியில் நின்று லென்ஸ் மாற்றாதே. சரணாலயத்துக்குள் தொழில்முறையாகப் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டால் முறைக்காதே. தீ என்ன செய்யும் என்று மற்ற ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும், நமக்குச் சொல்ல வேண்டாம்.

மிச்சப் பணத்துக்கு வழுக்காத ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொள். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தால், கையில் எந்தக் கேமரா இருந்தாலும், அன்றைக்கு ஏற வேண்டாம்.