சாக்கடைக்கும் படிப்பா?

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் சாக்கடை அள்ளத்தான் போவாய்!"

வீட்டிலே தந்தை சொல்கிறார். பள்ளியிலே ஆசிரியர் சொல்கிறார். தெருவிலே போகிற பெரியவரும் சொல்கிறார். சொல்பவர் எவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர். பிள்ளை முன்னேறவேண்டும் என்ற அக்கறைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வாசகத்துக்குள் இரண்டு தீர்ப்புகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அந்த வேலைக்கு அறிவு தேவையில்லை என்பது ஒன்று. அதைச் செய்பவன் தண்டனை பெற்றவன் என்பது மற்றொன்று. வகுப்பிலே அமர்ந்து அதைக் கேட்கும் நாற்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் தந்தை அந்த வேலையைச் செய்பவராக இருந்துவிட்டால், அவன் எங்கே பார்ப்பான்? தரையைத்தான் பார்ப்பான்!

நீதிபதி இல்லாமல், வாதம் இல்லாமல், சாட்சி இல்லாமல் வழங்கப்பட்ட தீர்ப்புகள் இவை. பகுத்தறிவு மன்றத்திலே இவற்றின்மீது மேல் முறையீடு செய்வது நம் கடமை. சாட்சி சொல்ல அமெரிக்க நாட்டுக் கல்லூரி ஒன்றை அழைக்கிறேன்.

அங்கே 'சமுதாயக் கல்லூரி' என்றோர் ஏற்பாடு உண்டு. 1901ஆம் ஆண்டில் இலினாய் மாநிலத்து ஜோலியட் நகரிலே தொடங்கிய முயற்சி. 1947இல் குடியரசுத் தலைவர் டுரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பரவவேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள். பள்ளிப் படிப்பை முடித்தவர் எவராயினும் நுழையலாம். பகலெல்லாம் உழைத்தவர் மாலையிலே வந்து அமர்கிறார். மகனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய், தானும் புத்தகத்தோடு புறப்படுகிறாள்.

அந்தக் கல்லூரிகள் பலவற்றில் செவிலியர் பயிற்சியும் கணக்கியலும் கற்பிக்கப்படுவதுபோலவே, குடிநீரையும் கழிவுநீரையும் சுத்திகரிக்கும் கலையும் கற்பிக்கப்படுகிறது. கலிபோர்னியாவில் ஆரஞ்சு நகரத்துச் சாந்தியாகோ கேன்யன் கல்லூரி அவற்றில் ஒன்று. அம்மாநிலத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு ஐந்து படிகள், குழாய்வழி வழங்கலுக்கு ஐந்து படிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ஐந்து படிகள் என்று சான்றிதழ்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படிக்கும் தேர்வு உண்டு. மேலே ஏற ஏறப் படிப்பும் வேண்டும், பட்டறிவும் வேண்டும். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் வேலைக்கு, படிக்காதவன் போகமுடியாது! நம் ஊர் வாசகத்தை அந்தக் கல்லூரி வாசலிலே சொல்லிப் பாருங்கள். கேட்பவனுக்கு அதன் பொருளே விளங்காது.

என்னதான் படிக்கிறார்கள் அங்கே? கலைப் பட்டம் பெற்ற நான், அந்தப் பாடங்களை வியப்போடு பயின்று பார்த்தேன். முதற்பாடம் கணக்கு. ஒரு காலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு. இந்த ஓர் எண்ணை அந்த மாணவர்கள் உறக்கத்திலும் மறப்பதில்லை. நாளொன்றுக்கு 20 லட்சம் காலன் நீர் ஓடுகிறது, லிட்டருக்கு 3 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்க்கவேண்டும், எத்தனை பவுண்டு? இரண்டை மூன்றால் பெருக்கி, அதை 8.34ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50 பவுண்டு. குறைத்துப் போட்டால் கிருமி பிழைக்கும். கூட்டிப் போட்டால் நீர் கெடும். அந்தப் பெருக்கலின் விடையிலே ஓர் ஊரின் உடல்நலம் தொங்குகிறது.

அடுத்த பாடம் உயிரியல். 1914இல் மான்செஸ்டர் நகரத்து ஆர்டெர்ன், லாக்கெட் எனும் இருவர் ஓர் உண்மையை உலகுக்கு உரைத்தனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்ணும். அவை அடியிலே படிந்ததும் தெளிந்த நீரைப் பிரித்துவிட்டு, படிந்த சேற்றில் ஒரு பகுதியைத் திரும்பத் தொட்டியில் சேர்த்தால், வேலை தொடர்ந்து நடக்கும். இன்று உலகெங்கும் கழிவுநீர் நிலையங்கள் பெரும்பாலும் இந்த முறையை நம்பியே இயங்குகின்றன. அந்த நுண்ணுயிர்ப் படைக்குத் தளபதி யார்? நிலையத்தை இயக்குபவர்! ஒரு லிட்டர்க் குவளையிலே முப்பது நிமிடம் சேறு எப்படிப் படிகிறது என்று பார்க்கிறார். உருப்பெருக்கியிலே எந்த உயிர் நெளிகிறது என்று காண்கிறார். காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கிறார். இந்த வேலைக்கா அறிவு தேவையில்லை?

மூன்றாவது பாடம் உயிர் காக்கும் பாடம். கழிவுநீர்க் குழிகளில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். ஆனால், காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை எட்டியதும், அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் மறைந்தது, ஆபத்தும் மறைந்தது என்று எண்ணி இறங்குபவனை, அந்த வாயு மாய்த்துவிடுகிறது. ஆகவே மூக்கை நம்பாதே, கருவியை நம்பு என்று கற்பிக்கிறார்கள். இறங்குமுன் காற்றை அளக்கவேண்டும், புதுக்காற்றைச் செலுத்தவேண்டும், எழுத்து வடிவில் அனுமதி பெறவேண்டும், மேலே ஒருவர் காவல் நிற்கவேண்டும், உள்ளே இருப்பவர் மயங்கினால், காவல் நிற்பவர் தாமும் குதித்துவிடாமல் மீட்புப் படையை அழைக்கவேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 1993இல் இவற்றை வகுத்தது.

அதே 1993இல்தான் இந்திய நாடாளுமன்றமும் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றிற்று. 2013இல் அதனினும் வலிய சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கி உயிரிழந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கவேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்திற்று. ஆனாலும் சாவு நிற்கவில்லை. ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க மற்றொருவர் இறங்க, இருவரையும் தேடி மூன்றாமவர் இறங்க, மூன்று உடல்கள் மேலே வந்த செய்தியை நாம் ஒரு முறையா படித்திருக்கிறோம்? அந்த மூவருக்கும் வீரம் இருந்தது, அன்பு இருந்தது. இந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்த எவருக்கும் மனம் இருக்கவில்லை. பிறப்பிலேயே இந்த வேலைக்குத் தகுதி பெற்றவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று சமூகம் இருந்துவிட்டது. படிப்பைத் தர மறுத்தது சாதி. உயிரைக் குடித்தது வாயு!

"பரம்பரையாகச் செய்பவர்க்குத் தொழில் தானே வரும்" என்று வாதிடுவோர் உண்டு. 1953இல் குலக்கல்வித் திட்டத்துக்கு வக்காலத்து வாங்கியோரின் வாதமும் ஏறக்குறைய இதுவே. அவர்களுக்குக் கனடா நாட்டு வாக்கர்டன் சிற்றூரைக் காட்டுகிறேன்.

ஒண்டாரியோ மாநிலத்தில், ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் வாழும் ஊர் அது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருமழை பெய்தது. கால்நடை எருவிலிருந்த கிருமி, ஆழம் குறைந்த கிணறு ஒன்றிலே கலந்தது. போதிய குளோரின் இல்லாததால், குழாய் வழியே நோய் ஓடிற்று. 2300 பேருக்கு மேல் நோயுற்றனர். ஏழு பேர் மாண்டனர். நீர் வழங்கலைக் கவனித்தவர்கள் சகோதரர் இருவர். மூத்தவர், தம் தந்தை மேற்பார்வை செய்த அதே நிறுவனத்தில் இளம் வயதில் சேர்ந்து மேலாளரானவர். படிப்பும் இல்லாமல், தேர்வும் இல்லாமல், பழைய பட்டறிவை முன்னிட்டு இருவருக்கும் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. நாள்தோறும் அளக்கவேண்டிய குளோரினை அளக்காமலே, பதிவேட்டில் வழக்கமான எண்ணை எழுதி வைப்பது அவர்கள் பழக்கம்.

அவர்கள் கொடியவர்களா? இல்லை. குளோரின் கலவாத அந்தக் கிணற்று நீரை அவர்களே குடித்து வந்தார்கள்! அது தூய நீர் என்று உளமார நம்பினார்கள். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். நல்லெண்ணம் இருந்தது, அனுபவம் இருந்தது, நம்பிக்கை இருந்தது. ஏன் அளக்கவேண்டும் என்ற அறிவு இல்லை, அறிவு இல்லாததால் அளவு வெறும் சடங்காயிற்று, சடங்கு பொய்யாயிற்று, பொய் நஞ்சாயிற்று. நீதிபதி ஓ'கானர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2002இல் வெளிவந்தது. அது சகோதரர்களை மட்டும் குறை கூறவில்லை. செலவைச் சுருக்கிய அரசையும், தனியாரிடம் ஒப்படைத்த பரிசோதனைக்கு உரிய விதி வகுக்காமல் விட்டதையும் சேர்த்தே சுட்டிக் காட்டிற்று. பிறகு அவ்வூரிலேயே நீர்த்துறைப் பயிற்சி மையம் ஒன்று எழுந்தது. கண்ணீரிலிருந்து பிறந்த கல்விக்கூடம் அது!

இதிலிருந்து ஓர் அறக் கோட்பாடு கிடைக்கிறது. பிறர் உயிர் நம் கையில் இருக்கும்போது, அறியாமை குற்றமற்ற நிலை ஆகாது. அறிந்துகொள்வதே அறத்தின் முதற்படி. இந்தக் கடமை தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. அவனுக்குக் கற்பிக்காமல் கட்டளை மட்டும் இடுகிறவனுக்கு அது இரட்டிப்புக் கடமை.

தூய்மை பற்றிய நம் பழைய எண்ணத்தையும் இந்தப் படிப்பு அடியோடு புரட்டுகிறது. ஆரஞ்சு மாவட்டத்திலே 2008 முதல் ஓர் ஏற்பாடு நடைபெறுகிறது. வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நுண்வடிகட்டியில் செலுத்தி, எதிர்ச் சவ்வூடு முறையில் பிழிந்து, புற ஊதா ஒளியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு துப்புரவாக்கி, நிலத்தடி நீரோடு சேர்க்கிறார்கள். 2023இல் விரிவாக்கப்பட்ட அந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 13 கோடி காலன். நேற்றைய கழிவு நாளைய குடிநீர்! தீட்டு என்று சொல்பவனுக்கு அளவுகோல் இல்லை. மந்திரத்தால் தூய்மை என்று சொல்பவனுக்கும் அளவுகோல் இல்லை. இந்த மாணவனுக்கு உண்டு. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்கிறான். எவன் தொட்டான் என்று அவன் கருவி கேட்பதில்லை.

இரண்டு ஐயங்களுக்கு விடை கூறியாகவேண்டும். "அமெரிக்கா சொர்க்கமோ?" என்று கேட்கலாம். அன்று! 2014இல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரிலே, செலவு மிச்சம் என்று ஆற்று நீருக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் குழந்தைகளின் குருதியில் கலந்தது. கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. அவர்கள் கூக்குரல் நெடுநாள் செவியேறவில்லை. சான்றிதழ் மட்டும் நீதியைக் கொணராது. அறிந்தவன் சொல்லை ஆள்பவன் கேட்கவும் வேண்டும். மக்கள் தட்டிக் கேட்கவும் வேண்டும்.

மற்றோர் ஐயம் இதனினும் கூர்மையானது. "படிப்பு வேண்டும் என்று விதித்தால், இதுவரை குழியில் இறங்கியவன் வெளியே தள்ளப்படுவான், சம்பளமும் சீருடையும் வந்ததும், நேற்று மூக்கைப் பொத்தியவன் இன்று நாற்காலியில் அமர்வான்." உண்மை, இது நடக்கக்கூடியதே. ஆகவேதான் படிப்பைக் கேட்கும்போது, கதவு திறந்த படிப்பைக் கேட்கவேண்டும். கட்டணம் தடுக்காத, வயது தடுக்காத, மாலை நேரத்தில் நடக்கும் வகுப்பு. படிக்கும் காலத்திலும் கூலி. இத்தனை நாள் உயிரைப் பணயம் வைத்தவர்க்கு முதல் இடம். அவர் பிள்ளைக்கோ, இந்தத் தொழிலை மட்டுமன்றி எந்தத் தொழிலையும் தேர்ந்தெடுக்கும் உரிமை. தொழிலை உயர்த்துகிறோம் என்று சொல்லி, அதே குடும்பத்தை அதே தொழிலில் கட்டிப் போடுவது பூட்டுக்குப் பொன்முலாம் பூசுவதாகும்!

இளைஞர்களே! குழிக்குள் மனிதன் இறங்குவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும், இயந்திரம் வேண்டும், இரண்டும் வந்தபின் அவற்றை இயக்க அறிவு வேண்டும். உங்கள் ஊர் நகராட்சியிடம் கேளுங்கள்: கழிவுநீர் நிலையத்தை இயக்குபவருக்கு என்ன பயிற்சி தந்தீர்கள்? காற்றை அளக்கும் கருவி எங்கே? நேற்றைய பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வகுப்பறையிலே பழைய வாசகத்தை எவரேனும் சொன்னால், 8.34 என்ற எண்ணின் பொருளைக் கேளுங்கள். நள்ளிரவிலே, எவரும் பாராத வேளையிலே, கருவி காட்டிய எண்ணை மாற்றாமல் பதிவேட்டில் எழுதுகிறானே ஒரு தொழிலாளி, அந்தக் கையால்தான் ஊர் உறங்கி எழுகிறது. அந்தக் கைக்குக் கல்வி கொடுப்போம், மதிப்பு கொடுப்போம், உரிய கூலி கொடுப்போம்!