முதலில் உப்புத்தாள்

அப்பா ஓட்டிய பழைய வண்டிக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே டப்பாவால் பெயின்ட் அடிக்க ஆசையா? தாராளமாக அடியுங்கள். ஆனால், முக்கால்வாசி வேலை டப்பாவைக் குலுக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். டேங்கைக் கழற்றிக் காலி செய்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய துருவின் விளிம்பு விரல் நுனியில் தட்டுப்படும். அதையும் வழவழப்பாகத் தேய்த்துவிட்டால்தான் மேலே அடிக்கும் நிறம் நிற்கும்.

அதன் மேல் பிரைமர் அடித்து, அது காய்ந்ததும், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் உருகிய மெழுகுபோல் வழிந்துவிடும். மழை ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். நல்ல வெயில் நாளில், நிழலில் வைத்து அடிப்பதே சரி.

கடைசியாக நிறத்துக்கு மேல் கிளியர் கோட் அடிக்க வேண்டும். சாதாரண கிளியர் கோட் பெட்ரோல் பட்டால் கரையும். மற்றதில் சிக்கனம் பாருங்கள். இதில் வேண்டாம், ‘டூ-கே’ வகையே வாங்குங்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ரசாயன ஆவியை வடிகட்டும் கவசம் போட்டுக்கொண்டு, திறந்தவெளியில் அடியுங்கள்.

வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி.யிலும் மாற்றிவிடுங்கள்.